மூன்று குடைகள் காணவில்லை

இறங்கும்போதே கை தானாகப் பைக்குள் போய்க் குடையைத் தேடியது. இல்லை. இல்லை என்பது எனக்குக் காலையிலேயே தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை, முப்பது வருஷப் பழக்கம், மழை என்றால் பை, பை என்றால் குடை. போகட்டும், குடை இல்லை என்பதாவது நினைவிருக்கிறதே, அது நல்ல அறிகுறி இல்லையா, முற்றிப் போனவர்களுக்கு அதுகூட இருக்காது. அம்மாவுக்கு இருக்கவில்லை. வேண்டாம், அம்மா இப்போது வேண்டாம். மணி நாலு நாற்பது. ஐந்தரைக்கு நரம்பு டாக்டர், டோக்கன் பதினொன்று. ஏறியது கோட்டை, பிறகு பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், இறங்கியது மாம்பலம்; வரிசை சரியாகத்தான் வருகிறது. பதினேழாம் வாய்ப்பாடும் வருகிறது, பதினேழு ஏழு நூற்றுப்பத்தொன்பது, பதினேழெட்டு நூற்றுமுப்பத்தாறு. வாய்ப்பாடு வந்து என்ன பிரயோஜனம், குடை வரவில்லையே. போனில் டோக்கன் கொடுத்த பெண் பெயர் கேட்டாள், மங்கையர்க்கரசி என்றேன், வயது ஐம்பத்தாறு என்றேன், "என்ன ப்ராப்ளம் மேடம்?" என்றாள், நான் வாய் தவறி "குடை" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மறதி என்று திருத்திச் சொன்னேன், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது போன் வழியாகவே கேட்டது.

மழை நன்றாகத்தான் பெய்கிறது. பயந்து நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு மழை இவ்வளவு பிடிக்கலாமா என்று தெரியவில்லை, எனக்குப் பிடிக்கிறது. நடைமேடைக் கூரை நாலு இடத்தில் ஒழுக, ஒழுகாத இடங்களில் ஜனம் திட்டுத் திட்டாக நின்றது. துணிக்கடைப் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக் காதோரம் முடிச்சுப் போட்டுக்கொண்டேன், பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் பார்த்துவிட்டு அவளும் தன் பையை அப்படியே கவிழ்த்துக்கொண்டாள், இரண்டு பேரும் ஒரே கடைக்கு விளம்பரம் செய்துகொண்டு படியேறினோம். படியெல்லாம் குடை. என் உயரத்துக்கு எதிரே வருகிற ஒவ்வொருவர் குடைக் கம்பியும் கண்ணுக்கு நேராக வரும், குனிந்து, நிமிர்ந்து, சாய்ந்துதான் ஏற வேண்டும், இந்த முழங்கால் வலிக்கு அது வேறு. எத்தனை குடை. இத்தனை பேரும் ஞாபகமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஞாபகமாகக் கொண்டுபோவார்கள். எனக்கு மட்டும் என்ன கேடு. மழை தொடங்கி ஒன்றரை மாதத்தில் மூன்று குடை. முதலில் மகள் கயல் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி அனுப்பிய நீலக் குடை. அப்புறம் நீளமான கறுப்புக் குடை, ஊன்றிக்கொண்டும் போகலாம். அப்புறம் மூன்றாக மடியும் அரக்குக் குடை, அது போய் ஒன்பது நாள் ஆகிறது. மூன்றும் ஒரே மாதிரிதான் போயின. காலையில் வெயில் அடிக்கிறது, நான் கிளம்புகிறேன், சாயந்திரம் கொட்டுகிறது, குடை பையிலும் இல்லை, கையிலும் இல்லை. வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்று நனைந்துகொண்டே போகிறேன். வீட்டு ஆணியிலும் இல்லை. இவரைக் கேட்டால், "காலையில கையில எடுத்துட்டுப் போனியே அரசி, ரயில்ல விட்டிருப்ப," என்கிறார். எடுத்துக்கொண்டு போனேனா? எடுத்தது எனக்கு நினைவே இல்லை. விட்டது நினைவில்லை என்றால் பரவாயில்லை, எல்லாரும் விடுகிறார்கள். எடுத்ததே நினைவில்லை என்றால் அது வேறு விஷயம்.

அம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது, இனி தடுத்துப் பயனில்லை, வந்துவிட்டாள். விருத்தாசலத்தில் ரேஷன் கடையில் குடையை விட்டுவிட்டு வந்தாள், நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரம் கோயிலில் விட்டாள், அப்போதும் சிரித்தோம். அப்புறம் ஒருநாள் என் கையிலிருந்து காபியை வாங்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்த மூன்று குடையையும் நான் யாரிடமும் சிரிப்பாகச் சொல்லவில்லை. கயலிடம் சொல்லவில்லை, ராத்திரியே பஸ் ஏறிவிடுவாள். டாக்டர் விஷயத்தை இவரிடம் சொல்லவில்லை. பாவம், சிதம்பரநாதன் என்று வாய் நிறையப் பேர், உள்ளே மனுஷர் தொட்டாற்சிணுங்கி, ரிட்டயர் ஆன வருஷமே நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, எண்ணெய்ப் பலகாரம் வாசனைகூடப் பிடிக்கக்கூடாது என்று டாக்டர் கட்டளை, அதை நிறைவேற்றும் போலீஸ் நான். இரண்டு வருஷமாக ஆவியில் வெந்ததையே தின்றுகொண்டு முணுமுணுக்காமல் இருக்கிறார். அவரிடம் போய், நாளைக்கு உங்களையே நீங்கள் யார் என்று கேட்கப்போகிறேன் என்றா சொல்வது. அதுவும் என் ஞாபகத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடிக்கிற மனுஷர். கோர்ட்டில் நான் சுருக்கெழுத்து. ஜட்ஜ் ஐயா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார், நடுவில் நிறுத்தி "முன்னாடி என்ன சொன்னேன்?" என்பார், நோட்டைப் பார்க்காமலே சொல்வேன், கமா உட்பட. போன வாரம் அப்படிக் கேட்டபோது நோட்டைப் பார்த்தேன். தேவையே இல்லை, நினைவிருந்தது, ஆனாலும் பார்த்தேன். பயம் வந்துவிட்டால் தெரிந்ததும் தெரியாதது மாதிரி ஆகிவிடுகிறது.

இன்றைக்கு லேடீஸ் பெட்டியில் ஒரு கூத்து. ஜன்னல் கம்பியில் ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது, பச்சை, கைப்பிடி கிளி மூக்கு மாதிரி. சேத்துப்பட்டு தாண்டியதும் ஒரு பூக்காரி, "யாருதும்மா இந்தக் குடை?" என்று கேட்டாள். பெட்டி மொத்தமும் பையைத் தடவிப் பார்த்தது. நானும் தடவினேன், என்னுடையதாக இருந்துவிட்டால்? பச்சைக் குடை நான் வாங்கியதே இல்லை, வாங்கவில்லை என்று நிச்சயமாகத் தெரியுமா, தெரியும், தெரியுமா? எழும்பூரில் இறங்கின நர்ஸ் பெண்ணுடையதாக இருக்கும் என்றாள் ஒருத்தி, இல்லை அவள் கையில் ஒன்று இருந்தது என்றாள் இன்னொருத்தி, ஒரு குடைக்கு ஒரு விசாரணைக் கமிஷன். கடைசியில் பூக்காரி, "செங்கல்பட்டு வரைக்கும் போவட்டும், கேக்கறவங்க கேக்கட்டும்," என்று திரும்பவும் கம்பியிலேயே மாட்டினாள். அந்தப் பச்சைக் குடை டிக்கெட் இல்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் இப்போது. என் மூன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்குமோ, கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, ஆளுக்கொரு பெட்டியில்? நினைத்தால் அவை சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. எனக்கே சிரிப்பு வந்தது.

வழக்கமாக நான் தெற்கே இறங்கி மார்க்கெட் வழியாக வீட்டுக்குப் போவேன், ஆறேகால் ஆகும். இன்றைக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், டாக்டர் இருப்பது வடக்கே, இந்தத் தெருவில் நான் நடந்தே பல வருஷம் இருக்கும். தெருமுனைக் குப்பைத் தொட்டியில் செத்த குடைகள். மத்தியானம் அடித்த காற்றில் புரண்டு கம்பி முறிந்தவை, ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்றில் துணியே இல்லை, கம்பி மட்டும் விரிந்து நிற்கிறது. அதோ ஒருத்தர் வருகிறார், காற்று குடையை அப்படியே மேலே மடக்குகிறது, அவர் அதைத் திட்டுகிறார், உதறுகிறார், மறுபடி திட்டுகிறார், தொட்டியில் செருகிவிட்டு நனைந்தபடியே போகிறார், போகும்போது நடை என்னவோ லேசாகிவிட்டது. தூக்கிப் போட்ட குடையைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இல்லை. அவர்களுக்குத் தெரியுமே, தாங்கள் தூக்கிப் போட்டோம் என்று. நானும் அப்படி மூன்றையும் என் கையாலேயே முறித்து வீசியிருந்தால் இந்த ஒன்றரை மாதம் நன்றாகத் தூங்கியிருப்பேன். டாக்டர் என்ன கேட்பார்? இன்று என்ன கிழமை என்று கேட்பார், வியாழன். நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொல்வார், தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. அம்மாவிடம் அப்படித்தான் கேட்டார்கள், அம்மா, "எதுக்குக் குறைக்கணும், இருக்கட்டுமே," என்றாள். இப்போது நினைத்தால் அது சரியான பதில் மாதிரியே இருக்கிறது. எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. அறுபத்தைந்தில் நிற்கும்போது மழை சட்டென்று பலத்துவிட்டது, தலையிலிருந்த பை பின்பக்கம் பறந்தது, முழங்கால் வலியை மறந்து ஓடினேன்.

ஓடி ஒதுங்கிய இடம் ஒரு பஜ்ஜிக் கடை. கடை என்றால் தள்ளுவண்டி, மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில், ஆனால் கூரையைப் பார்த்ததும் வாய் பிளந்து நின்றுவிட்டேன். கூரை முழுக்கக் குடை. இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, பத்துப் பன்னிரண்டு குடைகளை விரித்து ஒன்றோடொன்று கைப்பிடியைச் சேர்த்து இறுக்கியிருந்தது, கறுப்பு, பூப்போட்டது, ஏதோ சிமென்ட் விளம்பரம் போட்டது, பிள்ளைகள் குடை ஒன்று. மழை அதன்மேல் பத்து விதமான சத்தத்தில் விழுந்தது. கீழே ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு தட்டில் பஜ்ஜியோடு நின்றார்கள், எண்ணெய்ப் புகை, ஓம வாசனை, எல்லார் முகத்திலும் ஒரு திருட்டுச் சந்தோஷம். கடைக்காரம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு கரண்டியைத் தூக்கி, "உள்ள வாம்மா, நனையாத," என்றாள். "இதெல்லாம் ஏதும்மா இவ்வளவு குடை?" என்று கேட்டேன். "எல்லாம் மறந்துட்டுப் போனதுதான். திரும்பி வந்து கேட்டா அவுத்துக் குடுத்துருவேன். கேக்கற வரைக்கும் கூரையா இருக்கட்டும்," என்றாள். என்ன நியாயம், என்ன அழகான நியாயம் என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே ஒரு நீலக் குடை. அதன் கைப்பிடியில் சிவப்பு நாடா, கேஸ் கட்டுகளைக் கட்டுகிற நாடா, இரட்டை முடிச்சு. கோர்ட்டில் கறுப்புக் கோட்டுக்காரர்களின் குடைகள் வராந்தாவில் குவிந்துகிடக்கும், மாறிப்போகாமல் இருக்க நாங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் நாடா கட்டுவோம், ஆளுக்கொரு முடிச்சு. இரட்டை முடிச்சு நான்.

முதலில் பயம்தான் வந்தது. இங்கே நான் வந்திருக்கிறேனா? வந்து, பஜ்ஜி தின்று, குடையை விட்டு, வந்ததையே மறந்து, கடவுளே, அவ்வளவு தூரம் போய்விட்டதா? வண்டியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நீளமான கறுப்பு. சிவப்பு நாடா, இரட்டை முடிச்சு. அதற்கடுத்து அரக்கு. மூன்றும். மூன்றும் ஒரு குடும்பமாகக் கூடி நின்று பஜ்ஜிக் கடைக்குக் கூரை போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த அரக்குக் குடைக்குக் கீழே ஒரு பின்மண்டை. வழுக்கை, ஓரத்தில் நரைத்த சுருட்டை, இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், முப்பத்திரண்டு வருஷமாக நான் ஷாம்பூ போட்டுவிடும் மண்டை. கக்கத்தில் மாடி வீட்டுக் குழந்தையின் ரோஸ் கலர்க் குடை, ஓரமெல்லாம் கொசுவம் வைத்தது, அடுத்த பலி. கையில் தட்டு. தட்டில் மிளகாய் பஜ்ஜி மூன்று. ஐந்து நொடி நின்றேன், அதற்குள் ஒன்றரை மாதமும் எனக்குள் திரும்ப ஓடிற்று. மழை நாளில் மட்டும் சாயந்திரம் இரண்டாவது தடவை குளிக்கிறாரே, பிரதோஷமா சஷ்டியா என்று கேட்டால் "உடம்பு கசகசங்குது" என்கிறாரே. ராத்திரி இட்லியை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறாரே. ஈரக் குடை வீட்டுக்கு வந்தால் வெளியே போனது தெரிந்துவிடும் என்று இங்கேயே விட்டுவிட்டு, நான் வருவதற்குள் ஓடி, நனைந்து, குளித்து, ஆணி காலியாக இருப்பதை நான் பார்க்கும்போது ஒரு வரி பொய் சொல்லி. நான் எதையும் எடுக்கவில்லை. எதையும் விடவில்லை. எடுத்தது நினைவில்லை என்றால், எடுக்கவே இல்லை, அதனால் நினைவில்லை! மண்டை ஒழுங்காக இருக்கிறது, என் மண்டை தங்கமாக இருக்கிறது, அம்மா, நான் யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது, எது முன்னே வந்தது என்று தெரியவில்லை. கோபமும் வந்தது, அது வரிசையில் கடைசியில் நின்றது.

"மொளகா பஜ்ஜி சூடா இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் இறுகியது. வாயில் இருந்ததை மென்று முடிக்கலாமா துப்பலாமா என்று யோசிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. மென்று முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அரசி... நீ வர ஆறேகால் ஆகுமில்ல?"

"சாருக்கு வூட்டம்மாவா?" என்றாள் கடைக்காரம்மா. கரண்டி அப்படியே நின்றது. "ஐய, அஞ்சே முக்காலானா போதும், காலைச் சுட்ட மாதிரி ஓடுவாரே!"

"அஞ்சரைக்கு நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கியிருக்கேன்," என்றேன்.

"டாக்டரா? யாருக்கு?"

"எனக்குத்தான். மூணு குடை எடுத்ததும் ஞாபகமில்ல, விட்டதும் ஞாபகமில்ல. அம்மா மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சேங்க. ஒண்ணரை மாசமா தூக்கமில்ல. கயலோட கல்யாணத் தேதிய தெனம் ராத்திரி சொல்லிப் பாத்துக்கிட்டுப் படுக்கறேன்."

அவர் முகத்தில் இருந்த அசடு வழிதல் அப்படியே வடிந்துபோனது. தட்டை வண்டி மேல் வைத்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார், என் முன்னால் அதைச் செய்தால் திட்டுவேன் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "நான் அப்படி நெனைக்கவே இல்ல அரசி. சத்தியமா. மொத தடவ விட்டப்ப, மறுநாள் காலையில எடுத்துட்டு வந்துரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ தேட ஆரம்பிச்சுட்ட. அப்புறம் எப்படிக் கொண்டாந்து மாட்டறது? ஒண்ணு சொன்னா மூணும் சொல்லணும்..." மேலே இருந்த மூன்றையும் அண்ணாந்து பார்த்தார். "உங்கம்மாவ நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தோணியிருக்க வேணாமா. இந்த எழவு பஜ்ஜிக்காக."

"எழவுன்னு சொல்லாத சார்," என்றாள் கடைக்காரம்மா.

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அழ வைக்கிற அளவுக்கு என்னிடம் கோபமும் மிச்சமில்லை. ஸ்டென்ட்டுக்கு நாளைக்குச் சண்டை போடலாம், அது மறக்காது. டோக்கன் பதினொன்றை வேறு யாராவது நிஜமான மறதிக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தேன், சுட்டது, காரம் மூக்கில் ஏறியது, இந்தத் துரோகத்தை இவர் ஏன் செய்தார் என்று ஒரே கடியில் புரிந்தது. அப்புறம் எனக்குள் இருந்த சுருக்கெழுத்து மங்கையர்க்கரசி நிமிர்ந்து நின்றாள்.

"கேட்டுக்குங்க. அக்டோபர் பதினஞ்சு, செவ்வாய்க்கிழமை. நான்: நீலக் குடை எங்கங்க? நீங்க: காலையில கையில எடுத்துட்டுப் போனியே அரசி, ரயில்ல விட்டிருப்ப. நவம்பர் ஏழு, வியாழன். நான்: கறுப்பையும் காணோமே. நீங்க: வர வர உனக்கு ஞாபகமே பத்தல, பேப்பர்லேர்ந்து தலைய எடுக்காம."

"போதும் அரசி," என்றார். சுற்றி நின்றவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இன்னும் இருக்கு. நவம்பர் பத்தொன்பது, புதன்கிழமை. நான்: அரக்குக் குடையும்..."

"செவ்வாய்," என்றார் இவர், மெதுவாக.

"என்னது?"

"பத்தொன்பது செவ்வாய்க்கிழமை. புதன்னா இந்தம்மா கடை போடாது."

"ஆமாம்மா," என்றாள் கடைக்காரம்மா. "புதன் எனக்கு லீவு."

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. செவ்வாய்தான். ஆமாம், அன்றைக்கு ஜட்ஜ் ஐயா லீவு, செவ்வாய்தான். நான் புதன் என்று சொல்லிவிட்டேன், அவ்வளவு நிச்சயமாக, அத்தனை பேர் முன்னால். வழக்கமாக இந்த இடத்தில் அந்தப் பயம் வருமே, அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். இவர் என் முகத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லியிருக்கக்கூடாதோ என்று.

"ஆமாங்க, செவ்வாய்தான்," என்றேன், வாய் நிறையப் பஜ்ஜியோடு. "மறந்துட்டேன்."